விலா எலும்பு சந்தேகங்கள்: வாசகர் கேள்வி, அனாடமி வாத்தியார் பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி விலா எலும்பைப் பத்தித்தான். ஒருத்தர் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார், ஒருத்தர் ஆட்டு எலும்பைப் பத்தி கேட்டிருக்கார். எல்லாத்துக்கும் முன்னாடி ஒன்னு சொல்லிடறேன், நான் காலேஜ்ல அனாடமி பாடம் எடுத்தவன், எலும்பு பேரு, நரம்பு பேரு, எது எங்க ஓடுதுன்னு கேளுங்க சொல்றேன், மாத்திரை பேரு மட்டும் கேக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயசு. மொபெட்ல இருந்து சறுக்கி விழுந்துட்டார். ரிப்போர்ட்டுல "அன்டிஸ்பிளேஸ்டு ஃபிராக்சர், லெஃப்ட் சிக்ஸ்த் அண்ட் செவன்த் ரிப்ஸ், போஸ்டீரியர் ஆஸ்பெக்ட். நோ நியூமோதோராக்ஸ். சிபி ஆங்கிள்ஸ் ஃப்ரீ"ன்னு போட்டிருக்கு. ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு, ஆனா மாவுக்கட்டும் போடல, பெல்ட்டும் போடல. வலி மாத்திரையும், மூணு பந்து வெச்ச ஊதற டப்பா ஒன்னும் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இது சரியா? (வாசகர், திண்டுக்கல்)

சரியாத்தான் பண்ணியிருக்காங்க, கவலைப்படாதீங்க. ரிப்போர்ட்டை ஒவ்வொரு வார்த்தையா பிரிச்சுப் பாத்துடலாம்.

விலா எலும்பு ஒரு பக்கத்துக்கு 12, ரெண்டு பக்கமும் சேர்த்து 24, மேல இருந்து கீழ நம்பர் போட்டுக்கிட்டே வருவாங்க. லெஃப்ட்னா அப்பாவோட இடது, படத்தைப் பாக்கற உங்களோட இடது இல்ல, படத்தை தூக்கிப் பிடிச்சா அது உங்க வலது கைப் பக்கம்தான் இருக்கும், இதை மாத்திப் பாத்துட்டு "வலிக்கறது ஒரு பக்கம் உடைஞ்சது வேற பக்கமா"ன்னு சண்டைக்குப் போறவங்க உண்டு. போஸ்டீரியர்னா முதுகுப் பக்கம், ஆன்டீரியர்னா நெஞ்சுப் பக்கம், லேட்டரல்னா அக்குளுக்கு நேர் கீழ வர்ற பக்கவாட்டு. வெறும் நம்பர் சொன்னா போதாதான்னு கேப்பீங்க, போதாது, ஏன்னா விலா எலும்பு முதுகெலும்புல ஆரம்பிச்சு உடம்பைச் சுத்தி வரும்போது சரிஞ்சு சரிஞ்சு கீழ இறங்குது, அதே ஆறாவது எலும்பு முதுகுல இருக்கற உயரம் வேற, நெஞ்சுல இருக்கற உயரம் வேற. எக்ஸ்ரேயில கிட்டத்தட்ட படுக்கையா தெரியறது முதுகுப் பக்கம், சாய்வா கீழ இறங்கறது முன்பக்கம். அன்டிஸ்பிளேஸ்டுன்னா விரிசல் விட்டிருக்கு ஆனா ரெண்டு முனையும் விலகாம அதே இடத்துல இருக்கு. இது நல்ல செய்தி.

அதைவிட நல்ல செய்தி கடைசி ரெண்டு வரி. நியூமோதோராக்ஸ்ங்கறது உடைஞ்ச முனை நுரையீரலைக் குத்தி வெளிய காத்து கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள தேங்கறது, அது இல்லன்னு சொல்லிட்டாங்க. சிபி ஆங்கிள்ங்கறது விலா எலும்பும் உதரவிதானமும் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசை) சேர்ற கூர்மையான மூலை, ரத்தமோ நீரோ சுமார் 200 மில்லி சேர்ந்தா நின்னுக்கிட்டு எடுத்த படத்துல அந்த மூலை மழுங்கிடும், மழுங்கலைங்கறதுதான் "ஃப்ரீ". நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட்டுல எலும்பு உடைஞ்ச வரியை மட்டும் படிச்சுட்டு பதறுவாங்க, உயிருக்கு சம்பந்தப்பட்டது இந்த ரெண்டு வரியிலதான் இருக்கும்.

மாவுக்கட்டு ஏன் இல்ல? கையை அசைக்காம வைக்கலாம், காலை அசைக்காம வைக்கலாம், நெஞ்சை எப்படி வைப்பீங்க, சும்மா உக்காந்திருந்தாலே ஒரு நாளைக்கு 20,000 தடவைக்குப் பக்கமா மூச்சு விடறோம். அந்தக் காலத்துல நெஞ்சை இறுக்கிச் சுத்தி கட்டு போட்டுத்தான் அனுப்புவாங்க, வலி குறையும்தான், ஆனா ஆழமா மூச்சு இழுக்க முடியாம நுரையீரலோட அடிப்பாகம் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வந்துடும், வயசானவங்களுக்கு எலும்பு முறிவை விட அதுதான் ஆபத்து. அதனால இப்ப கட்டறதில்ல. வலி மாத்திரை குடுக்கறது கூட வலிக்காக மட்டும் இல்ல, வலி குறைஞ்சாத்தான் அப்பா ஆழமா மூச்சு இழுப்பார், இருமி சளியைத் துப்புவார், அதுக்காக. "வலி பொறுத்துக்கறேன், மாத்திரை வேண்டாம்"னு வீம்பு பிடிச்சார்னா இதைச் சொல்லுங்க. இருமும்போது ஒரு தலைகாணியை அந்தப் பக்கம் அணைச்சுப் பிடிச்சுக்கட்டும்.

அப்புறம் அந்த டப்பா. ஊதற டப்பான்னு எழுதியிருக்கீங்க, அது ஊதறதுக்கு இல்லங்க, இழுக்கறதுக்கு! முழுசா மூச்சை வெளிய விட்டுட்டு, குழாயை வாயில வெச்சு மெதுவா உள்ள இழுக்கணும், பந்து மேல போகும், கொஞ்ச நேரம் மேலயே நிக்கணும். ஊதிக்கிட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல.

ஆறு வாரத்துல பெரும்பாலும் கூடிடும். இடையில மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில ரத்தம் வந்தா உடனே திரும்பப் போங்க. இன்னொன்னு, 9க்கு கீழ இருக்கற எலும்பு உடைஞ்சா இடது பக்கம் மண்ணீரல், வலது பக்கம் கல்லீரல், பின்னாடி சிறுநீரகம் இதெல்லாம் அடி வாங்கியிருக்கான்னு பாப்பாங்க, உங்க அப்பாவுக்கு 6, 7ங்கறதால கொஞ்சம் மேல, இருந்தாலும் தலைசுத்தலோ வயித்து வலியோ சொன்னார்னா அலட்சியம் பண்ணாதீங்க.

கேள்வி: நர்சிங் முதல் வருஷம் படிக்கறேன். மெய் விலா எலும்பு, பொய் விலா எலும்பு, மிதக்கும் விலா எலும்புன்னு மூணு சொல்றாங்க, குழம்புது. இசிஜி வைக்கும்போது "ஃபோர்த் இன்டர்காஸ்டல் ஸ்பேஸ்"ங்கறாங்க, அதை எப்படிக் கண்டுபிடிக்கறது? விலா எலும்போட பாகங்களையும் சொல்லுங்க. (மாணவி, கோவை)

பின்னாடி 12ம் முதுகெலும்புல ஒட்டியிருக்கு, அதுல வித்தியாசம் இல்ல. முன்னாடி எப்படி முடியுதுங்கறதுலதான் பேரு மாறுது. 1ல இருந்து 7 வரைக்கும் ஒவ்வொன்னும் தனக்குன்னு ஒரு குருத்தெலும்பு வெச்சு நேரா மார்பெலும்புல போய் சேருது, அது மெய். 8, 9, 10 நேரா போகாம தனக்கு மேல இருக்கறவனோட குருத்தெலும்புல போய் ஒட்டிக்குது, 11, 12 முன்னாடி எங்கயும் ஒட்டாம சதைக்குள்ளயே முடிஞ்சுடுது. 8ல இருந்து 12 வரைக்கும் எல்லாமே பொய், அதுல கடைசி ரெண்டு மட்டும் மிதக்கும். ஆக மிதக்கும் எலும்பு பொய் கணக்குக்குள்ளயே வருது, தனி மூணாவது கட்சி இல்ல, பரீட்சையில நிறைய பேர் மாட்டறது இங்கதான். மிதக்கும்னா ஆடிக்கிட்டு இருக்கும்னும் நினைச்சுக்காதம்மா, முதுகுல கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு. 7ல இருந்து 10 வரைக்கும் உள்ள குருத்தெலும்புகள் சேர்ந்து வயித்துக்கு மேல தலைகீழ் வி மாதிரி ஒரு விளிம்பு வருது பாரு, அதுதான் காஸ்டல் மார்ஜின், டாக்டர் கல்லீரல் வீங்கியிருக்கான்னு கை வெச்சு அழுத்தறது அந்த விளிம்புக்குக் கீழ.

இப்ப எண்ணற விஷயம். முதல் விலா எலும்பு காரை எலும்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, கைக்கு தட்டுப்படாது, அதனால கைக்கு முதல்ல கிடைக்கறதை ஒன்னுன்னு எண்ண ஆரம்பிச்சா மொத்த கணக்கும் தப்பி ஒரு இடைவெளி கீழ போயிடும். தொண்டைக்குழியில விரலை வை, அப்படியே மார்பெலும்பு மேல கீழ இறங்கு, சுமார் 5 சென்டிமீட்டர்ல குறுக்கால ஒரு மேடு தட்டும், மார்பெலும்போட மேல் துண்டும் நடுத் துண்டும் சேர்ற இடம் அது, ஸ்டெர்னல் ஆங்கிள்னு பேரு. அந்த மேட்டுல இருந்து பக்கவாட்டுல விரலை நகர்த்தினா நிக்கறது ரெண்டாவது விலா எலும்பு, சந்தேகமே வேண்டாம். அதுக்கு அடியில இருக்கற பள்ளம் ரெண்டாவது இன்டர்காஸ்டல் ஸ்பேஸ், அதாவது இடைவெளிக்கு மேல இருக்கற எலும்போட நம்பர்தான் இடைவெளிக்கும். அங்கருந்து இன்னும் ரெண்டு இறங்கினா நாலாவது. அங்க மார்பெலும்போட வலது ஓரத்துல வி1ங்கற இசிஜி முனை, இடது ஓரத்துல வி2. அஞ்சாவது இடைவெளியில காரை எலும்போட நடுவுக்கு நேர் கீழ வி4. ரொம்ப குண்டா இருக்கறவங்களுக்கும் இந்த மேடு பெரும்பாலும் கிடைச்சுடும், அவசரப்படாம தேடு.

பாகங்களையும் கேட்டிருந்தே. பின்முனை தலை, அடுத்தது கழுத்து, அப்புறம் டியூபர்க்கிள்னு ஒரு சின்ன புடைப்பு, அதைத் தாண்டி எலும்பு சட்டுனு முன்பக்கம் வளையற இடம் ஆங்கிள், முன்னும் பின்னும் அமுங்கி அடி பட்டா பெரும்பாலும் உடையறது இந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி. மிச்சமெல்லாம் ஷாஃப்ட். ஷாஃப்டோட உள்பக்கம் கீழ் விளிம்புல ஒரு பள்ளம் ஓடுது, காஸ்டல் குரூவ், அதுக்குள்ள மேல இருந்து கீழ வரிசையா சிரை, தமனி, நரம்பு. நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டா ஊசி போட்டு எடுப்பாங்களே, அப்ப ஊசியை எப்பவும் கீழ் எலும்போட மேல் விளிம்பை ஒட்டி விடறாங்க பாரு, மேல் எலும்போட அடியை ஒட்டி விட்டா இந்த மூணையும் குத்திடும்ங்கறதுனாலதான். ஒரு பள்ளம் எங்க இருக்குன்னு தெரியறதுல ஒரு நோயாளிக்கு ரத்தக்கசிவு ஆகாம தப்பிக்குது, அதனால அனாடமி போர் அடிக்குதுன்னு சொல்லாதே!

கேள்வி: கடவுள் ஆணோட விலா எலும்பை எடுத்துத்தான் பெண்ணைப் படைச்சார், அதனால ஆம்பளைங்களுக்கு ஒன்னு கம்மின்னு எங்க வீட்ல சொல்வாங்க, உண்மையா? (வாசகி, நாகர்கோவில்)

நம்பிக்கை வேற, எண்ணிக்கை வேற. ரெண்டு பேருக்கும் 12 ஜோடிதான். 1543லயே வெசேலியஸ்ங்கற ஐரோப்பிய அனாடமி நிபுணர் உடலை அறுத்துப் பாத்து இதை எழுதி வெச்சுட்டார். கூடக் குறைய இருக்கறவங்க சில பேர் உண்டு, ஆனா அது ஆண் பெண் பாத்து வர்றதில்ல. ஒன்னே ஒன்னைத் தவிர, அது கடைசிக்கு முந்தின கேள்வியில வருது.

கேள்வி: எனக்கு 42 வயசு. நெஞ்சுக்குழியில, ரெண்டு பக்க எலும்பும் சேர்ற இடத்துல கெட்டியா ஒரு கட்டி தட்டுப்படுது. நகரல. ஆறு கிலோ எடை குறைச்ச பிறகுதான் கவனிச்சேன். கேன்சரா இருக்குமோன்னு தூக்கமே இல்ல. (வாசகர், வேலூர்)

நடுக்கோட்டுல, மார்பெலும்பு முடியற எடத்துல, நகராம கெட்டியா இருக்குன்னா அது பெரும்பாலும் ஸிஃபாய்டு. மார்பெலும்புக்கு மூணு துண்டு, மேல மேனுப்ரியம், நடுவுல உடல், கீழ வாலு மாதிரி இந்த ஸிஃபாய்டு. சின்ன வயசுல வெறும் குருத்தெலும்பு, சுமார் 40 வயசுல எலும்பா கெட்டிப்படுது, சில பேருக்கு முனை முன்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும். எடை குறைஞ்சதும் மேல இருந்த கொழுப்பு போய் கைக்கு தட்ட ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான் இருக்கணும். அதையே நாள் முழுக்க அமுக்கிப் பாத்துக்கிட்டு இருந்தா வீங்கி வலிக்கவும் செய்யும், கையை எடுங்க முதல்ல. ஆனா நீங்க முயற்சி பண்ணாமயே எடை குறைஞ்சிருந்தாலோ, அது வளர்ந்துக்கிட்டு இருந்தாலோ, நடுவுல இல்லாம பக்கத்துல இருந்தாலோ ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, தொட்டுப் பாத்தே சொல்லிடுவார்.

கேள்வி: இடது பக்க அள்ளையில அடிக்கடி பிடிச்சுக்குது. எங்க அம்மா வாய்வுன்னு ஓமவாட்டர் குடுக்கறாங்க. இசிஜி நார்மல். டாக்டர் "காஸ்டோகாண்ட்ரைட்டிஸ்"னு சீட்டுல எழுதிட்டார். பேரைப் பாத்தாலே பயமா இருக்கு. (வாசகி, தூத்துக்குடி)

பேருதான் நீளம். காஸ்டோன்னா விலா எலும்பு, காண்ட்ரோன்னா குருத்தெலும்பு, ஐட்டிஸ்னா அழற்சி, மூணையும் ஒட்டினா விலா எலும்பும் குருத்தெலும்பும் சேர்ற இடத்துல அழற்சி. பெரும்பாலும் 2ல இருந்து 5 வரைக்கும் உள்ள இணைப்புகள்ல வரும், விரலால அமுக்கினா அதே வலி எழும்பும், கொஞ்ச வாரத்துலயோ சில மாசத்துலயோ தானா அடங்கும். அந்த இடம் வீங்கியும் இருந்தா அதுக்கு டீட்ஸே சின்ட்ரோம்னு வேற பேரு, 1921ல அதை விவரிச்ச ஜெர்மன் சர்ஜன் பேரு அது. இன்னும் கீழ 8, 9, 10ல குருத்தெலும்பு லேசா நழுவி "டக்"னு சத்தத்தோட வலிச்சா ஸ்லிப்பிங் ரிப்.

அம்மா சொல்ற வாய்வுக்கு வருவோம். வயித்துக் காத்து ஏறிப்போய் விலா எலும்புக்கு நடுவுல சிக்கிக்க வழியே இல்ல, நடுவுல உதரவிதானம் இருக்கு. குனிஞ்சு நிமிர்றப்ப சுருக்குனு பிடிக்கறது பெரும்பாலும் எலும்புக்கு நடுவுல இருக்கற இன்டர்காஸ்டல் தசை இழுத்துக்கறது. ஆனா அம்மாவை முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன், பெருங்குடல் இடது பக்க விலா எலும்புக்கு அடியிலதான் வளைஞ்சு திரும்புது, அந்த வளைவுல காத்து தேங்கினா அள்ளையிலதான் வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை கத்தரிச்சு ஒட்டி வெச்சுக்கங்க: அமுக்கினா வலிக்குதுங்கறதுனால மட்டும் அது ஹார்ட் இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது. வேர்க்குது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுது, மூச்சு வாங்குதுன்னா ஓமவாட்டரும் வேண்டாம், இந்தப் பத்தியும் வேண்டாம், 108.

கேள்வி: மாமியாருக்கு வலது மார்புக்குக் கீழ ரெண்டு நாள் தாங்க முடியாத எரிச்சல், விலா எலும்பு உடைஞ்சிருக்கும்னு எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்னும் இல்ல. மூணாவது நாள் பெல்ட் கட்டின மாதிரி கொப்புளம். ஊர்ல அக்கி எழுதச் சொல்றாங்க. (வாசகி, அரியலூர்)

இது அந்த காஸ்டல் குரூவ்ல ஓடற நரம்போட வேலை. சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் முதுகெலும்புக்குப் பக்கத்துல நரம்பு முடிச்சுல வருஷக்கணக்கா பதுங்கி இருந்துட்டு, எதிர்ப்பு சக்தி குறையும்போது ஒரே ஒரு நரம்பு வழியா வெளிய வருது. அந்த நரம்பு விலா எலும்போட கூடவே பின்னாடி இருந்து முன்னாடி சுத்தி வர்றதாலதான் கொப்புளமும் பட்டையா வருது, நடுக்கோட்டைத் தாண்டாம ஒரே பக்கமா நிக்குது. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே எரியும், அந்த ரெண்டு மூணு நாள்தான் எல்லாரும் எலும்பு, ஹார்ட், கல்லுன்னு அலையறது. காவி பூசி எழுதறதால வைரஸ் போகாது. பெரியவங்க மனசுக்கு வேணும்னா எழுதிக்கட்டும், ஆனா முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும். விட்டுட்டா கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாசக்கணக்கா நிக்கற ஆபத்து இருக்கு, வயசானவங்களுக்கு அதிகம். 50 வயசுக்கு மேல தடுப்பூசியும் இருக்கு.

கேள்வி: பெரியப்பாவுக்கு மூச்சு நின்னப்ப ஆஸ்பத்திரியில நெஞ்சை அமுக்கினாங்க. பிழைச்சுட்டார். ஆனா நாலு விலா எலும்பு உடைஞ்சிருக்கு. இவ்வளவு முரட்டுத்தனமா பண்ணலாமா? (வாசகர், மதுரை)

பெரியவங்களுக்கு சிபிஆர்ல மார்பெலும்பு 5 சென்டிமீட்டராவது உள்ள போகணும், 6ஐத் தாண்டக்கூடாது, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை. சும்மா தொட்டுத் தொட்டு எடுத்தா மூளைக்கு ரத்தம் போகாது. வயசாக ஆக விலா குருத்தெலும்புல சுண்ணாம்பு படிஞ்சு நெஞ்சுக்கூடு விறைச்சுடும், வளையாது, அதனால விரிசல் விடறது ரொம்ப சகஜம். உடைஞ்சது தப்பா பண்ணினதுக்கு அடையாளம் இல்லங்க. இப்ப செய்ய வேண்டியது முதல் கேள்வி பதில்ல சொன்னதேதான், வலி குறைக்கறது, ஆழ மூச்சு. மூணு நாலு எலும்பு வரிசையா, ஒவ்வொன்னும் ரெண்டு இடத்துல உடைஞ்சிருந்தா மட்டும் கதை வேற, அந்தத் துண்டு மூச்சு இழுக்கும்போது உள்ள போகும், விடும்போது வெளிய வரும், ஃபிளெயில் செஸ்ட்னு ரிப்போர்ட்டுல இருக்கும், அதை வீட்ல வெச்சுப் பாக்க முடியாது.

கேள்வி: கழுத்து எக்ஸ்ரேயில "சர்விகல் ரிப்"னு வந்திருக்கு. தலை பின்னும்போது, துணி காயப்போடும்போது சுண்டு விரல் பக்கம் மரத்துப் போகுது. கழுத்துல எப்படி விலா எலும்பு? (வாசகி, ஈரோடு)

கழுத்தோட கடைசி எலும்பு, அதாவது ஏழாவது, அதுல இருந்து கூடுதலா ஒரு விலா எலும்பு முளைக்கறதுதான் சர்விகல் ரிப். பிறவியிலயே வர்றது. நூத்துல ஒருத்தருக்கும் குறைவாத்தான் இருக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், நான் முன்னாடி சொன்ன அந்த ஒரு விதிவிலக்கு இதான். நிறைய பேருக்கு இருக்கறதே தெரியாம வாழ்ந்து முடிச்சுடுவாங்க. கைக்குப் போற நரம்புக் கத்தையும் ரத்தக்குழாயும் முதல் விலா எலும்பைத் தாண்டித்தான் போகுது, வழி ஏற்கனவே குறுகல், அதுல இன்னொரு எலும்பு வந்து நின்னா கையைத் தூக்கும்போது அமுங்குது, அமுங்கறது கத்தையோட அடி நரம்புங்கறதால சுண்டு விரல், மோதிர விரல் பக்கம் மரக்குது. எடுத்த உடனே ஆபரேஷன் இல்ல, பிசியோதெரபிதான் முதல்ல. ஆனா கை வெளுக்குது, சில்லுனு ஆகுது, உள்ளங்கை சதை இளைக்குதுன்னா தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: நெஞ்செலும்பு சூப் குடிக்கும்போது எண்ணிப் பாத்தேன், ஆட்டுக்கும் 12தானா? (வாசகர், கரூர்)

ஆட்டுக்கு வழக்கமா 13 ஜோடி. மாட்டுக்கும் நாய்க்கும் 13, குதிரைக்கு 18. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் கூட 13தான், நம்மளை விட ஒன்னு அதிகம். நீங்க சூப்ல எண்ணினது சரியா வராது, கடைக்காரர் முழு விலாவையும் உங்களுக்கே வெட்டிப் போட்டிருக்க மாட்டார், கொஞ்சம் சாப்ஸுக்குப் போயிருக்கும். நல்லா வெந்திருந்தா ஒவ்வொரு துண்டு முனையிலயும் வெள்ளையா கடிச்சா நறுக்குனு இருக்கும் பாருங்க, அதான் நான் மேல எழுதிக்கிட்டே வந்த விலா குருத்தெலும்பு.